ஒன்பது நாற்பதுக்கு வந்தவன்

அத்தியாயம் ஏழு

பூபதியின் ஆம்னி வேனுக்கு மூன்றாவது கியர் கிடையாது. இரண்டாவதிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவும். தாவுகிற நொடியில் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து குனிந்து நிமிர்ந்தால்தான் வண்டி ஒத்துழைக்கும். பரமத்தி சாலையில் இதைப் பார்த்த போக்குவரத்துக் காவலர் ஒருவர், ஏதோ கூட்டுப் பிரார்த்தனை என்று எண்ணித் தொப்பியைக் கழற்றினார் என்பான் பூபதி. அன்றைக்கு அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை. பின் இருக்கையில் சின்னாயி உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை, மதியம் ஒன்றே முக்கால்.

"மூணு மணிக்கு நீதிபதி ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்களாமுங்க்கா," என்றாள் சின்னாயி. அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் பேசினாள். "கொலை முயற்சின்னு எழுதிட்டாங்க. உள்ள போனா எப்ப வருவாருன்னு வக்கீலே சொல்ல மாட்டேங்கிறாருங்க."

முன் இருக்கையில் சௌந்திரம் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் நிலையம் திறந்தவள்; பூபதி அவளுக்கு உதவியாள். "மறுபடி ஒருக்கா சொல்லு சின்னாயி. வரிசையா."

சின்னாயி சொன்னாள். அவள் புருஷன் தீர்த்தகிரி கோழித் தீவன ஆலையில் மூட்டை தூக்குகிறவன். காலையில் மொபெட் பஞ்சர். அதனால் பஸ் ஏறி, பத்து இருபத்தைந்துக்கு ஆலை வாசலில் இறங்கினான். மக்காச்சோளக் கிடங்குக்குள் போனால், தர ஆய்வாளர் ரமேஷ்குமார் மண்டை உடைந்து கிடக்கிறார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். ரமேஷ்குமார் இன்னும் கண் திறக்கவில்லை.

"அவரு அடிபட்டது பத்து ரெண்டுக்கு," என்றாள் சௌந்திரம். "பொண்டாட்டிகூட போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது அலறல், லைன் கட். அது செல்போன் கம்பெனி நேரம். அதுல சந்தேகம் இல்லை."

"ஆனா ஆலை மிஷினு எங்கூட்டுக்காரரு ஒம்பது நாப்பதுக்கே உள்ள வந்துட்டாருங்குது. நேத்து அவரும் ரமேஷ்குமாரும் சண்டை போட்டதை ஊரே பாத்துச்சு. மத்த ஆளுக அத்தன பேரும் அரவைப் பக்கம் ஒண்ணா இருந்தாங்களாம்."

"மிஷினுக்கு வாய் இல்லைங்கம்மணி," என்றான் பூபதி. "விசாரிச்சா உண்மையைத்தான் சொல்லும். எங்க அக்காவுக்கு மிஷின்னா உசுரு. மனுசனைத்தான் புடிக்காது. அதுக்கு நானே சாட்சி."

சின்னாயி சிரிக்கவில்லை. பூபதி நான்காவது கியருக்குத் தாவினான். மூவரும் குனிந்து நிமிர்ந்தார்கள்.

ஆலை வாசலில் மணிமாறன் காத்திருந்தார். கொள்முதல் பார்க்கிறவர்; வெள்ளைச் சட்டை, விபூதி, எதற்கெடுத்தாலும் "பாவம்" என்கிற வாய். ரமேஷ்குமாருக்குப் பாவம் என்றார், தீர்த்தகிரிக்குப் பாவம் என்றார், வேனைப் பார்த்து அதற்கும் ஒரு பாவம் போட்டார்.

"நான் ஒம்பதரைக்கே நாமகிரிப்பேட்டைக்குச் சோளம் பாக்கப் போயிட்டனுங்க. இருந்திருந்தா தடுத்திருப்பேன். வாங்க, எல்லாம் காட்டுறேன். ஒளிக்க என்ன இருக்குது?"

ஒளிக்க ஒன்றும் இல்லைதான். வாசலில் கட்டைவிரல் வைக்கிற வருகை இயந்திரம். அதற்கு மேல் கேமரா. பக்கத்தில் லாரி எடை போடும் மேடை. விரல் வைத்தவர்களின் பட்டியலை மணிமாறனே எடுத்துக் கொடுத்தார், நேர வரிசையில்: மணிமாறன், வெளியே, 9:30. தீர்த்தகிரி, உள்ளே, 9:40. கேமராப் படத்தில் தீர்த்தகிரி துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே நுழைகிறான். மூலையில் நேரம், 9:40.

பூபதி தன் போனை எடுத்து வருகை இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். ஒன்று ஐம்பத்தாறு. இயந்திரமும் ஒன்று ஐம்பத்தாறு. கேமரா, எடைமேடை எல்லாம் ஒன்று ஐம்பத்தாறு. நொடிகூடப் பிசகவில்லை.

"அக்கா, கடியாரம் தப்பா இருக்கும்னுதானே வந்தோம்? ஆவின் பால் மாதிரி சுத்தமா இருக்குது."

சின்னாயி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழுதிருந்தாலும் தாங்கியிருக்கலாம். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு, "மூணு மிஷினும் ஒரே மாதிரி சொல்லுதே சாமி," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சௌந்திரம் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் நின்றாள்.

"பூபதி, உன் கல்யாணத்துல சண்டை வந்துச்சே, மூணு பேரு சாட்சி சொன்னாங்களே?"

"ஆமாங்க. யாரு முதல்ல இலையைத் தூக்கி வீசுனதுன்னு. மூணு பேரும் மூணு விதமாச் சொன்னாங்க. மூணுலயும் நான்தான் வீசுனேன், அதுல மட்டும் ஒத்துமை."

"தனித்தனியா பாத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மூணு சாட்சி ஒரு எழுத்து மாறாம ஒப்பிச்சா என்ன அர்த்தம்? எவனோ ஒருத்தன் சொல்லிக் குடுத்திருக்கான்." அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். "இந்த மூணு மிஷினுக்கும் மணி சொல்றது யாரு?"

கணினி பார்க்கிற வித்யா எழுந்து நின்றாள். ரசீது அடிக்கிறவள், நாலு வருடமாக இங்கேதான். "என்ற கம்ப்யூட்டர்தானுங்க மேடம். அதுங்க நிமிசத்துக்கு ஒருக்கா இதைக் கேட்டுத் திருத்திக்கும்."

"உன் கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது?"

"இன்டர்நெட்ல ஒரு டைம் சர்வருங்க."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதாதுங்களா?"

"ஒரே ஒரு சர்வரை நம்புனா, அது பொய் சொன்னாலும் உனக்குத் தெரியாது. ரெண்டு வச்சா, ரெண்டும் வேற வேற சொல்லும்போது எது பொய்னு தெரியாது. மூணு வச்சா பொய்யனைப் புடிச்சிரலாம். நாலு வச்சா, ஒண்ணு படுத்துட்டாக்கூட மிச்சம் மூணு இருக்கும். அதுவும் நாலும் வேற வேற ஆளுக நடத்துறதா, கிட்டக்க இருக்குறதாப் பாத்து எடுக்கோணும். ஒருத்தனையே நாலு பேருல வச்சிருந்தா அது நாலு இல்லை, ஒண்ணுதான். எங்க இணைப்பகத்துல இதுக்குன்னே ஒரு ஆள் இருந்தாரு. அவரு ஒரு நாளும் தன் கைக்கடியாரம் ஒண்ணை மட்டும் நம்ப மாட்டாரு."

வித்யா தலையாட்டினாள். ஆனால் கண் மட்டும் முதலாளி அறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. பூபதி அந்தக் கண்ணோடு கூடவே போய்த் திரும்பினான். அவள் மேசை மேல் தினசரி நாட்காட்டி. சனிக்கிழமை தாளில் 'ராகு 9 – 10.30' என்பதைச் சுற்றிப் பேனாவால் வட்டம். போன சனிக்கிழமைத் தாளும் கிழிக்கப்படாமல் அடியில் இருந்தது. அதிலும் வட்டம்.

"அக்கா," என்றான் பூபதி, "சனிக்கிழமை முதல் லோடு எத்தன மணிக்கு வரும்னு கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்து முதலாளி கந்தவேலே வந்துவிட்டார். நாற்பதாயிரம் கோழிகளுக்குச் சாப்பாடு போடுகிறவர், கடன் கேட்டு வந்தவரைப் போல நின்றார்.

"ஒம்பது மணிக்குள்ள முதல் ரசீது போட்றணுமுங்க. இன்னைக்கு லாரி ஒம்பது பத்துக்கு வந்துச்சு. ராகு காலத்துல முதல் ரசீது போட்டா அந்த வாரமே கோழி தீவனத்தைத் தொடாது. ரெண்டு தடவை பட்டுட்டேன். அதனால சனிக்கிழமைன்னா வெளிச் சர்வரை நிறுத்திப்போட்டு, கொஞ்சம்… பின்னால… தள்ளி வைப்போம். ஒம்பது பத்தை எட்டு அம்பத்தஞ்சு ஆக்கச் சொன்னேன். ராகு காலம் முடிஞ்சப்புறம் சர்வரை மறுபடி விட்டா அதுவா சரியாயிரும்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? கவுரவம்னு ஒண்ணு இருக்குதில்லைங்க?"

சின்னாயி வாசற்படியில் எழுந்து நின்றாள். முகத்தில் முதன்முறையாக ரத்தம் ஓடியது. "அப்ப எங்கூட்டுக்காரரு சொன்னது நெசந்தானுங்க?"

பூபதி விரல் விட்டு எண்ணினான். எண்ணி முடித்ததும், எண்ணாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பதினைந்து நிமிடம். ஒன்பது நாற்பதோடு பதினைந்து. ஒன்பது ஐம்பத்தைந்து. ரமேஷ்குமார் அடிபட்டது பத்து இரண்டு.

"அப்பவும் ஏழு நிமிசம் முன்னாலயே உள்ள வந்திருக்கான்," என்றார் மணிமாறன் மெதுவாக. "பாவம்."

இரண்டு இருபது. முன்பு இயந்திரம் மட்டும்தான் தீர்த்தகிரிக்கு எதிராக இருந்தது. இப்போது முதலாளியின் வாக்குமூலமும் சேர்ந்துகொண்டது. சின்னாயி மறுபடி உட்காரக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்தை மறுபடி போடு வித்யா," என்றாள் சௌந்திரம். "இந்த ஆலைக்குள்ள இருக்குறது எல்லாம் ஒரே பாட்டுப் பாடுற கோஷ்டி. எனக்கு வெளிய நாலு சர்வர் வேணும்."

படத்தில் தீர்த்தகிரி நுழைகிறான். சௌந்திரம் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தாள். பச்சை நிறத் தனியார் பஸ் ஒன்று கிளம்புகிறது. எதிரே டீக்கடைக்காரி கந்தம்மாள் காதில் போன். கடை வாசலில் ஒருவன் தண்ணீர் கேன் இறக்கி, இறக்கியதைப் போட்டோ எடுக்கிறான். ஓரத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர்.

"நாலு பேரு. நாலு பேருக்கும் இந்த ஆலையோட சம்பந்தமில்லை. கிட்டக்கவும் இருக்காங்க. ஓடு!"

பூபதி ஓடினான். நாமக்கல் பக்கம் தனியார் பஸ்காரர்கள் நிமிடத்துக்காகக் கழுத்தைப் பிடிக்கிறவர்கள். ஒரு நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிற பஸ்காரன் படியில் ஏறி நின்று திட்டுவான். கண்டக்டர் போனில் சொன்னார்: "அந்த ஸ்டாப்பு எங்களுக்குப் பத்து இருபத்தஞ்சுங்க. ஒம்பது நாப்பதுக்கு நாங்க திருச்செங்கோட்டுல டீ குடிச்சுக்கிட்டு இருப்போம்." தண்ணீர் கேன்காரனின் போட்டோவில் பத்து இருபத்தாறு. கந்தம்மாள் போனைத் துழாவி, மகளுக்குப் பேசிய நேரத்தைக் காட்டினாள். பத்து இருபத்து நாலு. ஆட்டுக்காரப் பெரியவர் வெயிலை அண்ணாந்து பார்த்து, யோசித்து, உறுதியாகச் சொன்னார்: "காலையில எட்டு மணி. சத்தியமா."

மூச்சு வாங்கத் திரும்பி வந்த பூபதி நாலையும் ஒப்பித்தான்.

"பெரியவர் இப்ப மணி என்னங்கிறாரு?" என்றாள் சௌந்திரம்.

"அதையும் கேட்டனுங்க. இப்பவும் எட்டுதானாம்."

"அவரைத் தள்ளி வை. மிச்ச மூணும் பத்து இருபத்து நாலு, அஞ்சு, ஆறு. பாத்தியா? தனித்தனியா ஓடுற கடியாரம் இப்படித்தான் ஒரு நிமிசம் முன்னப்பின்ன நிக்கும். அதான் நெசத்துக்கு அடையாளம். தீர்த்தகிரி வந்தது பத்து இருபத்தஞ்சு. மிஷினுக்கும் நெசத்துக்கும் நாப்பத்தஞ்சு நிமிசம். முதலாளி திருடுனது பதினஞ்சு. மிச்ச முப்பதை யாரு திருடுனது?"

எல்லாரும் வித்யாவைப் பார்த்தார்கள். அவள் நெற்றியில் பொட்டு கரைந்து வழிந்தது. "நான் பதினஞ்சு நிமிசந்தானுங்க தள்ளுனேன்! பத்து மணிக்கெல்லாம் நான் முதலாளிகூட எடைமேடையில நின்னேன்."

"ஆமாங்க, எங்கூடத்தான் நின்னா," என்றார் கந்தவேல்.

"கம்ப்யூட்டரு ஒரு நாட்குறிப்பு எழுதும் கண்ணு," என்றாள் சௌந்திரம். "தன்னோட மணியை யாராச்சும் மாத்துனா, எத்தனை மணி இருந்தது, எத்தனையாச்சுன்னு குறிச்சு வைக்கும். திற."

மூன்று வரிகள் இருந்தன. 9:10 என்பது 8:55 ஆகியிருந்தது. அது முதலாளி. கடைசி வரி, சர்வரை மறுபடி விட்டபோது தானாகச் சரியானது. நடுவில் ஒரு வரி: 9:50 என்பது 9:20 ஆகியிருந்தது.

பூபதி எண்ணினான். இந்த முறை எண்ணியது வீணாகவில்லை. ஏற்கெனவே கால் மணி பின்தங்கிய கணினியில் 9:50 என்றால், நிஜத்தில் பத்து ஐந்து. மண்டை உடைந்து மூன்றாவது நிமிடம்.

"இப்ப வருகைப் பட்டியலைக் குடு. நேர வரிசை வேண்டாம், மிஷின் போட்ட வரிசை எண்படி."

"பேப்பர் தீந்துருச்சுங்களே," என்றார் மணிமாறன்.

தீரவில்லை. வித்யா அடித்தாள். சௌந்திரம் உரக்கப் படித்தாள்: "ஐம்பத்தாறு, டீ குடிக்கப் போன பொண்ணு, வெளிய, ஒம்பது நாப்பத்து நாலு. ஐம்பத்தேழு, மணிமாறன், வெளிய, ஒம்பதரை. ஐம்பத்தெட்டு, தீர்த்தகிரி, உள்ள, ஒம்பது நாப்பது." அவள் தாளைத் தாழ்த்தினாள். "மணியைத் திருப்பலாம் மணிமாறன். வரிசை எண் திரும்பாது. ஒம்பது நாப்பத்து நாலுக்கு வெளிய போனவளுக்கு அப்புறம், ஒம்பதரைக்கு எப்படிப் போனீங்க? நீங்க நெசமா வெளிய போனது பத்தேகால். நீங்க வாங்குன பூஞ்சை புடிச்ச சோளத்தை ரமேஷ்குமார் வேண்டாம்னு திருப்பி அனுப்புனாரு, அந்த ரசீது வித்யா மேசையிலயே கிடக்குது; அதானே கோவம்?"

மணிமாறன் ஒரு "பாவம்" கூடச் சொல்லாமல் ஓடினார். நல்ல ஓட்டம். வாசல்வரை அவரைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் அந்த ஆலையில் விரல் வைக்காமல் வெளியே போனால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். பதினொரு வருடப் பழக்கம், கால் ஓடினாலும் கையை விடவில்லை. வாசலில் நின்று, கட்டைவிரலைத் துடைத்து, இயந்திரத்தில் வைத்தார். ஈர விரல், எடுக்கவில்லை. மறுபடி துடைத்து வைத்தார். "தேங்க்யூ," என்றது இயந்திரம். அதற்குள் நான்கு மூட்டைக்காரர்கள் அவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நந்தகுமார் போனில் மசியவில்லை. "கடிகாரம், பஸ், ஆடு, கதையெல்லாம் நல்லா இருக்கு மேடம். மூணு மணிக்கு ஜீப் கிளம்பும். ஆலைக் கடிகாரத்தைத் திருப்புனோம்னு முதலாளி கையெழுத்துப் போட்ட தாள் என் கைக்கு வந்தா நிறுத்துறேன். இல்லைன்னா என் கையில இருக்குற காகிதந்தான் எனக்கு."

இரண்டு முப்பத்தேழு. வித்யா வாக்குமூலத்தை அடித்து, திரையில் தயாராக வைத்தாள். சௌந்திரம் பேனாவை நீட்டினாள்.

கந்தவேல் பேனாவைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். பின்வாங்கினார்.

"மூணு மணி வரைக்கும் எமகண்டமுங்க."

சௌந்திரம் நீட்டிய பேனாவை மடக்கவில்லை. கந்தவேல் இன்னும் ஒரு அடி பின்னால் போனார்.

"மூணு ஒண்ணுக்குப் போட்டுத் தாரனுங்க. ஒரே நிமிசம்."

"ஏனுங்க," என்றாள் சின்னாயி. இதுவரை கெஞ்சிய குரல் இல்லை அது. "எங்கூட்டுக்காரரு தூக்கிக்கிட்டு ஓடுனது உங்க ஆளைத்தானுங்க. அப்ப நேரம் பாத்தாருங்களா?"

கந்தவேலின் கை பேனாவுக்கு நீண்டது, பாதியில் திரும்பிவிட்டது. கண்ணில் நீர். மனுஷன் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களை அவசரப்படுத்த முடியாது என்பது பூபதிக்குத் தெரியும். அவன் மாமனார் அப்படித்தான்.

இரண்டு நாற்பது. காவல் நிலையத்துக்குப் பத்து நிமிடம், அதுவும் நல்ல வேனில்.

பூபதி வித்யாவின் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தான். நாலு முறை சொடுக்கினான். கணினியின் மூலையில் மணி மாறியது. வருகை இயந்திரமும் கேமராவும் எடைமேடையும் கேட்டுத் தெரிந்துகொண்டு மாறின. ஆலை முழுக்க ஒரே குரலில் மூன்று இரண்டு.

"எமகண்டம் முடிஞ்சிருச்சுங்க," என்றான் பூபதி.

கந்தவேல் கணினியைப் பார்த்தார். வெளியே எட்டி எடைமேடையைப் பார்த்தார். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். அச்சிலிருந்து வந்த தாளை வாங்கி, நிதானமாக, மூன்று பக்கமும் கையெழுத்துப் போட்டார்.

வேன் நான்காவது கியரிலேயே போனது. சின்னாயி தாளை மார்போடு அணைத்திருந்தாள். நிலைய வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் தீர்த்தகிரி, கையில் விலங்கு, ரத்தம் காய்ந்த சட்டை. சின்னாயியைப் பார்த்து அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நந்தகுமார் ஜீப்பின் முன்னால் நின்றபடியே தாளைப் படித்தார். பட்டியலைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் ஒரு ஆதாரமா? ஒரு ஆலையில அத்தனை மிஷினும் சேர்ந்து பொய் சொல்லும்னு நான் எப்படிங்க நம்புறது?"

சின்னாயி எழுத்துக் கூட்டிப் படித்து, தாளின் மேல் மூலையில் விரலை வைத்தாள்.

"இங்க என்னங்க போட்டிருக்குது?"

அச்சான நேரம். மூன்று மணி, இரண்டு நிமிடம்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு ஐம்பத்து மூன்று, இரண்டு ஐம்பத்து நாலு, இரண்டு ஐம்பத்து மூன்று. அச்சாக இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிற தாள் ஒன்று, கையெழுத்தோடு, மை காய்ந்து, அவர் கையில் இருந்தது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஓட்டுநரிடம், "இன்ஜினை அணைப்பா," என்றார்.

ஜீப் அடங்கியதும்தான், தீர்த்தகிரி விசும்புகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.